கறுப்புக் கல்லின் கேள்வி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மர அலமாரி இருக்கிறது. மற்றவர்கள் வீட்டில் அந்த இடத்தில் தொலைக்காட்சி இருக்கும். எங்கள் வீட்டில் கற்கள் இருக்கின்றன. மொத்தம் பதினான்கு. பதின்மூன்றுக்கு வெள்ளை வண்ணம் அடித்திருக்கும், ஒன்றுக்கு மட்டும் கறுப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு தேதி எழுதியிருக்கும்.

கல்யாணமாகி வந்த முதல் வாரம், "இதெல்லாம் என்ன, காத்துல பேப்பர் பறக்காம வைக்கிறதுக்கா?" என்று கேட்டுவிட்டேன். என் நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாமனார் அன்று சாயங்காலமே என்னை உட்காரவைத்து விளக்கினார். பைபிளில், அந்தக் காலத்தில் ஆற்றைக் கடந்த ஜனங்கள், கடவுள் தங்களுக்குச் செய்ததை மறக்கக் கூடாதென்று ஆற்றுக்குள்ளிருந்து கல் எடுத்து வந்து நிறுத்தினார்கள், பிள்ளைகள் பின்னால் கேட்டால் சொல்வதற்காக. மாமா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு ஒரு நன்மை நடந்தால் ஒரு கல். நாத்தனார் காய்ச்சல் தணிந்து பிழைத்ததற்கு ஒன்று. இந்த வீடு வாங்கியதற்கு ஒன்று. பின்னால் என் மகள் பிறந்ததற்கும் ஒன்று. குளிர்சாதனப் பெட்டி வாங்கியதற்கும் ஒரு கல் வைக்கப் பார்த்தார் நாத்தனார். மாமா விடவில்லை.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்ததும், எல்லாரும் கூடத்தில் உட்கார வேண்டும். வீட்டில் யார் சின்னவரோ அவர் ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்து, "இது என்ன கல்லு?" என்று கேட்பார். அந்த நன்மையைப் பெற்றவர் மட்டும்தான் பதில் சொல்லலாம். மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, ஒரு சொல்லைக் கூடத் திருத்தக் கூடாது. இது மாமா போட்ட சட்டம். கேட்கும்போது அழகாகத்தான் இருந்தது. இந்தச் சட்டத்துக்குள் ஒருவர் எவ்வளவு பெரிய விஷயத்தை ஒளித்துவைக்கலாம் என்று எனக்கு அப்போது தெரியாது.

கறுப்புக் கல் என் கணவருடையது.

நானும் அவரும் ஒரே தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறோம். அங்கே ஐந்து பெரிய தகரக் குதிர்கள். ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். வெளிப்பக்கமாக ஏற இரும்பு ஏணி, உச்சியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாய். அடியில் இருக்கும் மடையைத் திறந்தால் தானியம் ஓடி வரும். ஈரம் பட்ட தானியம் மட்டும் ஓடாது. மேலே ஏடு கட்டி நின்றுவிடும், கீழே இருப்பது எல்லாம் இறங்கி நடுவில் வெற்றிடமாகிவிடும். மேலிருந்து பார்த்தால் கெட்டித் தரை போலத் தெரியும். அதில் கால் வைத்தவன் உள்ளே போவான். தானியத்தில் மூழ்குகிறவனால் கத்தவும் முடியாது, மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சைச் சுற்றி அது இன்னும் இறுகும்.

என் கணவருக்குப் பதின்மூன்று வயதில், அங்கே வேலை பார்த்த அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறார். விளையாட்டுப் புத்தி, மேலே ஏறி உள்ளே இறங்கி அந்த ஏட்டின்மேல் நடந்து பார்த்தார். ஏடு உடைந்தது. அண்ணன் கயிறு கட்டாமலே பின்னால் குதித்து, காதுவரை புதைந்த தம்பியை இழுத்து உட்பக்க ஏணியில் ஏற்றிவிட்டு, தான் உள்ளே போனார். அவருக்கு வயது இருபத்திரண்டு. அப்போது மாமாவும் அதே கிடங்கில்தான் இருந்தார். குதிரின் வாயருகே கயிறு பிடித்து நிற்கும் வேலை.

இப்போது அந்த வேலை என் கணவருக்கு. யாரும் இடுப்பில் பட்டையும் கயிறும் இல்லாமல் குதிருக்குள் தலையைக்கூட விட முடியாது, கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார். கிடங்கில் அவருக்குப் பெயரே 'கயிறு'தான். "கயிறு வர்றாரு, பட்டையப் போடுங்கடா" என்று சுமைக்காரர்கள் எச்சரித்துக்கொள்வார்கள்.

எனக்கு எடைமேடை அறையில் வேலை. லாரி ஏறி நிற்கும், எடையைக் குறித்துச் சீட்டுக் கொடுத்துவிட்டு, மைக்கில் அடுத்த வண்டி எண்ணைக் கூப்பிடுவேன். முற்றத்தில் நாலு மூலையிலும் ஒலிபெருக்கி. என் குரலுக்குக் கட்டுப்படாத டிரைவர் கிடையாது. வீட்டில்தான் அந்தக் குரலுக்கு மதிப்பில்லை.

கறுப்புக் கல்லுக்கு மட்டும் மாமா கூடுதலாக ஒரு கேள்வி வைத்திருந்தார். என் கணவர் தன் பதிலைச் சொல்லி முடித்ததும் மாமா கேட்பார்: "அவன் உனக்குக் குடுத்த வருஷத்துல நீ என்ன பண்ண?"

பதின்மூன்று வயதிலிருந்து வருஷம் தவறாமல் அவர் இதற்குப் பதில் சொல்லிவந்திருக்கிறார். முதலில் எல்லாம் சின்னச் சின்னப் பதில்களாம். பரீட்சையில் முதல் மதிப்பெண், சபையில் ஊழியம், இரத்த தானம். எனக்குத் தெரிந்த ஒன்பது வருஷத்தில் பதில்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஒரு வருஷம் பின்னால் உருண்ட லாரியடியிலிருந்து ஓர் ஆளை இழுத்தார், இடது கையில் இரண்டு விரல் போயிற்று. ஒரு வருஷம் தீப்பிடித்த வீட்டுக்குள் போய் முன்பின் தெரியாத ஒரு கிழவரைத் தூக்கி வந்தார், முதுகுத் தோல் வெந்தது. போன வருஷம் சபையில் ஒருவருக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரெல்லாம் மெச்சியது. மருந்து போட்டுக் கட்டுக் கட்டியது நான்.

இதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு எப்படி இருக்கும்? கல்லின் நாள் நெருங்க நெருங்க அவர் எதையோ தேடுகிறவர் போலத் தெருவைப் பார்ப்பார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிடுவார். விரல், தோல், சிறுநீரகம். அடுத்துக் கொடுக்க அவரிடம் என்ன மிச்சம் இருக்கிறது?

இந்த வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் கனமானதைத் தூக்கக் கூடாதென்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு மாதம் எந்த வீடும் எரியவில்லை, யாரும் லாரியடியில் விழவில்லை. நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவர் மெலிந்துகொண்டே வந்தார்.

கல்லின் நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேஸ்திரி என் அறைக்கு வந்தார். கிடங்கிலேயே பழைய ஆள், என் கணவரின் அண்ணன் இறந்த காலத்தில் சுமைக்காரராக இருந்தவர். வாயைத் திறந்தால் கேலிதான் வரும். அன்று கேலி வரவில்லை. ஜன்னல் வழியாக என் கணவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் கணவர் விலாவில் கையை ஊன்றிக்கொண்டு நாலாம் நம்பர் குதிரின் உச்சியை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்.

"இந்தப் பையன் செத்துத்தான் ஓய்வான் போல இருக்கும்மா," என்றார் மேஸ்திரி.

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?"

"அன்னிக்குக் கயிறு இருந்துச்சும்மா. உங்க மாமனார் கையிலதான் இருந்துச்சு. மழை கட்டிக்கிட்டு வருதுன்னு, லாரிக்குத் தார்ப்பாய் கட்ட அத அவுத்து எடுத்துட்டு வந்துட்டாரு. அந்தப் பக்கம் இழுத்துக் கட்டினது நான். அதுக்குள்ள இது நடந்துபோச்சு. விசாரணைல, பையன் அவசரத்துல கயிறு கட்டாம குதிச்சுட்டான்னு சொன்னாரு. பிள்ளையப் பறிகொடுத்தவர்கிட்ட என்னத்தப் பேசுறதுன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்."

அடுத்த லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தான்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவரைத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்திருக்கிற மகன். ஒரு மருமகள் வாயிலிருந்து இது வந்தால் வீடு என்ன ஆகும் என்று பயந்தேன். பயம்தான், வேறு பெயர் வைத்து அதை மூடி மறைக்க விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் மகளுக்கு ஆறு வயது, வீட்டில் சின்னவள் அவள்தான். வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. நாத்தனார் தன் காய்ச்சல் கதையை இந்த முறை இன்னும் நீளமாகச் சொன்னார். கடைசியில் பாப்பா கறுப்புக் கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"இது என்ன கல்லு?"

"என் அண்ணன் எனக்காக இறங்கினான்," என்றார் என் கணவர். "நான் மேல வந்தேன். அவன் வரல. அவன் உயிர்லதான் நான் இருக்கேன்."

மாமா கண்ணை மூடியிருந்தார். "அவன் உனக்குக் குடுத்த வருஷத்துல நீ என்ன பண்ண?"

என் கணவர் சின்னக் குரலில் சொன்னார்: "பாப்பாவுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தேன்பா."

பாப்பா சிரித்தாள். "நான் விழவே இல்ல தாத்தா! அப்பா பின்னாடியே ஓடி வந்தாங்க!"

மாமா கண்ணைத் திறந்தார். "அதுக்கா அவன் போனான்?"

அவ்வளவுதான். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். பாப்பாவின் சிரிப்பு நின்றது. என் கணவர் கல்லை அவள் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். நான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. அதற்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுநாள் அவர் எனக்கு முன்பே கிடங்குக்குப் போய்விட்டார். போகும்முன் தூங்குகிற பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எப்போதும் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடுகிறவர், அன்று அவள் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு முற்றத்தில் இரைச்சல் சட்டென்று குறைந்தது. குதிர்களிலிருந்து தானியம் கொண்டுவரும் கன்வேயர் நின்றுவிட்டது. நாலாம் நம்பரில் ஏடு கட்டிவிட்டதாம், மடையைத் திறந்தும் ஒன்றும் வரவில்லை. ஏழு லாரி வரிசையில் நின்றது. யாராவது உள்ளே இறங்கிக் கம்பியால் ஏட்டை உடைக்க வேண்டும். பட்டையும் கயிறும் பண்டக அறையில் இருந்தன. பண்டக அறைக்காரர் இன்னும் வரவில்லை, சாவி அவரிடம்.

"அரை மணி நேரம் பொறுத்தா வந்துடுவான்," என்று மேலாளர் சொன்னது எனக்குக் கேட்டது. அடுத்து என் கணவர் குரல்.

"வேணாம் சார். நான் இறங்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கயிறே கயிறு இல்லாமல் இறங்குவதாவது! விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். நான் ஜன்னலுக்கு வந்தபோது அவர் ஏணியில் பாதி தூரம் ஏறியிருந்தார். கையில் கம்பி. இடுப்பில் ஒன்றுமில்லை.

வெளியே ஓடிக் கத்தினேன். மேஸ்திரி ஏணியடிக்கு ஓடினார். "மேல யாராவது ஏறினா அப்பவே குதிச்சுடுவேன்," என்று சொல்லிவிட்டு என் கணவர் மேலே போய்க்கொண்டே இருந்தார். கோபமாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். இவரிடம் நான் என்ன சொன்னாலும் காதில் ஏறாது என்று தெரிந்தது. பாப்பாவின் பெயரைச் சொன்னாலும் ஏறாது. அவர் அப்பா சொன்னால் மட்டும்தான்.

அறைக்குள் திரும்பி ஓடி வீட்டுக்கு ஃபோன் போட்டேன். மாமாதான் எடுத்தார்.

"மாமா, உங்க பிள்ளை நாலாம் நம்பர் மேல நிக்கிறாரு. இறங்கப் போறாரு. கயிறு இல்ல."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்குதா மாமா?"

"அவன... அவனக் கூப்பிடும்மா. வேணாம்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

"வேணாம்னா கேக்க மாட்டாரு. அன்னிக்கு உங்க கையில இருந்த கயிறு எங்க போச்சு மாமா?"

மறுமுனையில் எதுவோ கீழே விழுந்தது. "யாரு சொன்னா உனக்கு?"

நான் மைக்கின் பொத்தானை அழுத்தினேன். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மைக்கின் வாயருகே வைத்தேன். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பேசியிருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

"யாரு சொன்னா என்ன மாமா. எங்க போச்சு?"

"மழை..." மாமாவின் குரல் நாலு மூலையிலும் எழுந்தது. "மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. லாரிக்குத் தார்ப்பாய் கட்டணும்னு அவுத்துட்டுப் போனேன். ரெண்டே நிமிஷம்னு நெனச்சேன். பெரியவன் மேலேருந்து கூப்பிட்டான். அப்பா, கயிறுன்னு கூப்பிட்டான். மூணு தரம் கூப்பிட்டாம்மா. முடிச்சு இறுகிப்போச்சு, அவுக்க வரல. நான் ஓடி வர்றதுக்குள்ள இறங்கிட்டான்."

முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. லாரிக்காரர்கள் வண்டியை விட்டு இறங்கி ஒலிபெருக்கியைப் பார்த்தபடி நின்றார்கள். மேலே என் கணவர் குதிரின் வாய் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் உள்ளே இருந்தது.

"எல்லார்கிட்டயும் என்ன சொன்னீங்க?"

"அவன் கயித்துக்குக் காத்திருக்கலன்னு சொன்னேன். அவனாதான் குதிச்சான்னு சொன்னேன். காத்திருந்தாம்மா. எனக்காகத்தான் காத்திருந்தான்." பிறகு, "அது என்ன சத்தம்? என் குரலே திரும்பக் கேக்குதே?" என்றார்.

"ஆமா மாமா," என்றேன். "அவருக்கும் கேக்குது."

ஃபோன் அணைந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த கம்பி நழுவி, தகரத்தில் மோதி மோதிக் கீழே வந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவருடைய இரண்டு கால்களும் வெளியே இருந்தன. ஏணியில் பாதி வரை இறங்கியவர், அங்கேயே ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மேஸ்திரி மேலே ஏறி, ஒவ்வொரு படியாக அவர் காலைப் பிடித்து வைத்து இறக்கிக் கொண்டுவந்தார்.

வீட்டுக்கு நடந்தே போனோம். பத்து நிமிஷ நடை. நான் அவர் கையைப் பிடித்திருந்தேன், மூன்று விரல் கையை. என்னிடம் கோபித்துக்கொண்டாரா, நன்றியாக இருந்தாரா, எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

மாமா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். ஃபோன் காலடியில் கிடந்தது. என்னைப் பார்க்கவில்லை. நான் செய்ததற்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு கிழவரின் மானத்தை ஏழு லாரிக்காரர்கள் முன்னால் அவிழ்த்துப் போட்டேன். திரும்ப அந்த நிலை வந்தால் திரும்பவும் செய்வேன்.

என் கணவர் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மூணு தரம் கூப்பிட்டானாப்பா?"

"ம்."

"எனக்குக் கேக்கல. காதுவரைக்கும் தானியம் வந்துடுச்சு." பிறகு கேட்டார்: "எல்லாம் தெரிஞ்சும் எதுக்குப்பா வருஷா வருஷம் என்னையக் கேட்டீங்க?"

மாமா காலடியில் கிடந்த ஃபோனைப் பார்த்தபடி சொன்னார்: "நீ பெருசா எதையாவது சொன்னா, அவன் வீணாப் போகலன்னு இருக்கும்டா. என் மேல இருக்கிற பழி கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கும்."

என் கணவர் தன் இடது கையைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். விரல் இல்லாத இடம் மேலே தெரியும்படி வைத்தார்.

"எவ்வளவுப்பா கொறஞ்சுது?"

மாமா அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"ஒண்ணுமே கொறயலடா," என்றார்.